குடும்பத்தோடு பூசைக்குப் போகிறீர்களா? முதல் நாள் இரவிலிருந்து இறுதி ஆசீர் வரை

எங்கள் பங்குக் கோயில் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் இருக்கிறது. ஞாயிறு பூசைக்கு வருகிறவர்களுக்கு வாசலில் நின்று இடம் காட்டும் பணியைப் பல வருடமாகச் செய்து வருகிறேன். கைக்குழந்தையோடு வரும் இளம் தம்பதி, கல்யாணத்துக்கு வந்த இந்து நண்பர் குடும்பம், வேலைக்கு வெளிநாடு போய்ப் பழக்கம் விட்டுப்போனவர்கள் என்று எல்லோரையும் பார்க்கிறேன். அவர்கள் தடுமாறும் இடங்கள் அநேகமாக ஒன்றேதான். எது எப்போது, ஏன் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் வரும் தடுமாற்றம் அது.

கீழே உள்ளது கத்தோலிக்க ஞாயிறு திருப்பலியை, அதாவது பூசையை, வைத்து எழுதியது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் என்ன மாறும் என்பதைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

1. சனிக்கிழமையே கேட்டுக்கொள்ளுங்கள்

முதலில் நேரம். டெல்டா கிராமங்களில் ஒரே பங்குத்தந்தை பல கிளைக் கிராமங்களைப் பார்த்துக்கொள்வார். கிளைக் கோயிலில் எல்லா ஞாயிறும் பூசை இருக்காது. உபதேசியாரிடமோ (கோயில் காரியங்களில் பங்குத்தந்தைக்கு உதவுகிறவர்) அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழு) இருப்பவரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பூட்டிய கோயில் வாசலில் குழந்தைகளோடு நிற்கும் குடும்பத்தை வருடத்துக்கு நாலு தடவையாவது பார்க்கிறேன்.

சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போனாலே, ஞாயிறு கட்டாயம் பூசை காண வேண்டும் என்ற கடன் தீர்ந்துவிடும். காலையில் எழுந்திருக்க முடியாத வயதானவரோ, ஞாயிறு நடவுக்கோ அறுப்புக்கோ ஆள் விட்டிருப்பவரோ வீட்டில் இருந்தால் மாலைப் பூசை நல்லது. கூட்டமும் குறைவாக இருக்கும்.

அடுத்தது சாப்பாடு. நற்கருணை (பூசையில் குருவானவர் தரும் திருவப்பம்) வாங்குகிறவர்கள் அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணீரும் மருந்தும் தடையில்லை. வயதானவர்கள், நோயாளிகள், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் ஆகியோருக்கு இந்த ஒரு மணி நேரக் கட்டுப்பாடு கிடையாது. சர்க்கரை நோய் உள்ள அப்பாயியைப் பட்டினியாகக் கூட்டி வந்து, நடுப்பூசையில் மயக்கம் போட வைத்த குடும்பங்கள் உண்டு. சின்னக் குழந்தைகளுக்குக் கிளம்பும் முன்பே வயிறு நிறையக் கொடுத்துவிடுங்கள். பசியில்தான் பாதி அழுகை வருகிறது.

2. உடை, கொலுசு, பை

துவைத்த, அடக்கமான உடை போதும். புடவை, சுடிதார், வேட்டி, பேண்ட் எதுவும் ஆகும். அரைக்கால் சட்டையும் கையில்லாத மேலாடையும் வேண்டாம். பெண்கள் முக்காடு போடுவது எங்கள் பக்கம் இன்னும் பரவலான வழக்கம், குறிப்பாக நற்கருணை வாங்கும்போது. கட்டாயம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் துப்பட்டா ஒன்று கையில் இருந்தால் அங்கே இருப்பவர்களைப் பார்த்து நீங்களே முடிவுசெய்யலாம்.

குழந்தையின் காலைக் கவனியுங்கள். சலங்கைக் கொலுசும், மிதித்தால் பீப்பீ என்று கத்தும் செருப்பும் வீட்டில் அழகு. மொசைக் தரையும் உயரமான கூரையும் உள்ள கோயிலில் அந்தச் சத்தம் பீடம் வரை போகும். குழந்தை ஓடாமல் சும்மா காலாட்டினாலே போதும், வாசகம் வாசிப்பவர் தடுமாறுவார்.

பையில் என்ன இருக்கலாம்? பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில், ஒரு துணி பொம்மை, படம் போட்ட விவிலியக் கதைப் புத்தகம், மாற்று ஜட்டி. எவர்சில்வர் டம்ளர், சக்கரம் வைத்த கார், மொறுமொறு பாக்கெட் தின்பண்டம் வேண்டாம். செல்போனை வாசலுக்கு வெளியிலேயே அணைத்துவிடுங்கள். அதிரும்படி வைத்தாலும் மர பெஞ்சில் அது மணி மாதிரிதான் கேட்கும்.

3. கால் மணி நேரம் முன்னால் வந்து சேருங்கள்

டவுன் பஸ்ஸை நம்பி வருகிறவர்கள் ஒரு பஸ் முன்னதாக ஏறுங்கள். அந்தக் கால் மணி நேரத்தில் குழந்தையைக் கழிவறைக்குக் கூட்டிப்போகலாம், கோயிலைச் சுற்றிக் காட்டலாம். 'அதோ அந்த ஜன்னல்ல யாரு இருக்கா பாரு', 'அந்தப் பீடத்துக்கிட்டதான் சாமியார் நிப்பாரு' என்று முதலிலேயே காட்டிவிட்டால், பூசை நேரத்தில் அது குழந்தைக்குப் பழகிய இடமாகிவிடும். புது இடத்தில்தான் குழந்தை எழுந்து ஓடும்.

பூசைக்கு முன் பல கோயில்களில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். நடுவில் வந்து உட்காரலாம், அதில் தவறில்லை. ஆனால் பக்கத்துப் பெஞ்சுக்காரரிடம் நலம் விசாரிப்பதை வெளியே முடித்துவிட்டு வாருங்கள்.

4. வாசலில்

செருப்பு ஊருக்கு ஊர் மாறும். தரையில் பாய் விரித்து உட்காரும் கிராமக் கோயில்களில் வெளியே கழற்றிவிட வேண்டும். பெஞ்சு போட்ட நகரக் கோயில்கள் பலவற்றில் உள்ளே போட்டுக்கொண்டே போவார்கள். வாசலில் செருப்புகள் கிடக்கின்றனவா என்று பாருங்கள், அதுதான் விடை. மழை நாளில் வயல் சேறு ஒட்டிய காலோடு வருகிறவர்கள் குழாயடியில் கழுவிக்கொண்டு ஏறுங்கள்.

வாசலை ஒட்டித் தீர்த்தத் தொட்டி இருக்கும். கத்தோலிக்கர்கள் அதில் விரல் நனைத்துச் சிலுவை அடையாளம் போடுவார்கள். ஞானஸ்நானத்தின் நினைவு அது. மற்றவர்கள் தொடாமல் கடந்து போகலாம். குழந்தை கையை விட்டு அளைந்தால் தடுத்துவிடுங்கள். சிலர் அதைக் குடிக்க எடுப்பதையும் பார்க்கிறேன். பலர் விரல் பட்ட தண்ணீர் அது. வீட்டுக்குத் தீர்த்தம் வேண்டுமென்றால் உபதேசியாரிடம் தனியாகக் கேளுங்கள், கொடுப்பார்.

உள்ளே போனதும் அணையா விளக்கு எங்கே எரிகிறது என்று தேடுங்கள். அதன் அருகில் நற்கருணைப் பேழை இருக்கும். உட்காரும் முன் அந்தத் திசையில் கத்தோலிக்கர்கள் வலது முழங்காலைத் தரையில் ஊன்றி வணங்குவார்கள். மூட்டுவலி உள்ளவர்கள் தலை தாழ்த்தினால் போதும். மற்ற மதத்தவர் கைகூப்பலாம், அல்லது அமைதியாகப் போய் உட்காரலாம். நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட வேண்டியதில்லை. பக்தியோடு செய்தாலும் பின்னால் வருகிறவர்களுக்கு வழி அடைத்துவிடும்.

5. எங்கே உட்காருவது

நான் அதிகம் வற்புறுத்திச் சொல்வது இந்த இடம்தான்.

குழந்தையோடு வருகிறவர்கள் பெரும்பாலும் கடைசி வரிசைக்கு ஒதுங்குகிறார்கள். தொந்தரவு கொடுக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் கடைசி வரிசையில் குழந்தைக்குத் தெரிவது முன்னால் இருப்பவரின் முதுகு மட்டுமே. பீடம் தெரியாது, பீடச்சிறுவர்கள் தெரியாது, மெழுகுவத்தி தெரியாது. பத்து நிமிடத்தில் சலித்துப்போய் நச்சரிக்கத் தொடங்கும். மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தையென்றால் முன்பாதியில், பக்க வாசலை ஒட்டிய வரிசையின் ஓரத்தில் உட்காருங்கள். பார்க்கவும் முடியும், தேவையானால் யாரையும் தாண்டாமல் வெளியே போகவும் முடியும். கைக்குழந்தை என்றால் மட்டும் பின்வரிசை சரி.

இன்னொன்று. நம் பக்கம் நிறைய கோயில்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அப்போது இரண்டு குழந்தைகளும் அம்மாவோடு போய்விடுகின்றன. அப்பா எதிர்ப்பக்கம் நிம்மதியாக ஜெபம் செய்வார். அம்மாவுக்கு ஒரு வாசகம்கூடக் காதில் விழாது. நடந்து பழகிய குழந்தையை அப்பா தன் பக்கம் அழைத்துக்கொள்ளட்டும். ஆண் குழந்தையோ பெண் குழந்தையோ, சிறு வயதில் எந்தப் பக்கம் இருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வாசலிலேயே யாரிடம் எந்தக் குழந்தை என்று பேசி முடித்துவிட்டு உள்ளே வாருங்கள். பூசை நடுவில் சைகையால் சண்டை போடும் தம்பதிகளைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

வயதானவர்களுக்குத் தரையில் இடம் பிடிக்காதீர்கள். உட்காருவது சுலபம், எழுவதுதான் பாடு. சுவரோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருப்பார்கள். இல்லையென்றால் எங்களைப் போல இடம் காட்டுகிறவர்களிடம் கேளுங்கள், உடனே கொண்டுவந்து தருவோம். அவர்களால் நடந்து வந்து நற்கருணை வாங்க முடியாது என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். குருவானவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே கொண்டுவருவார்.

6. எப்போது நிற்பது, உட்காருவது, முழந்தாளிடுவது

மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரண்டு வரிசைக்கு முன்னால் இருக்கும் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொண்டால் போதும். ஆனாலும் காரணம் தெரிந்தால் உடம்பு தானே ஒத்துழைக்கும்.

வருகைப் பாடலுக்கு எல்லோரும் எழுந்து நிற்பார்கள். முதல் வாசகம், பதிலுரைப் பாடல், இரண்டாம் வாசகம் ஆகியவற்றுக்கு உட்கார்ந்து கேட்பார்கள். நற்செய்திக்கு முன் அல்லேலூயா தொடங்கியதும் எழ வேண்டும். அது கிறிஸ்துவே பேசும் இடம் என்பதால் இந்த மரியாதை. தவக்காலத்தில் அல்லேலூயா பாட மாட்டார்கள், வேறு வாழ்த்தொலி வரும். நற்செய்தி தொடங்கும்போது நெற்றியிலும் உதட்டிலும் மார்பிலும் பெருவிரலால் சின்னச் சிலுவை போடுவார்கள். குழந்தைக்கு முதலில் கற்றுக்கொடுக்க இதுவே நல்லது. கைக்கு வேலை கிடைத்தால் பிள்ளைக்குச் சந்தோஷம்.

மறையுரைக்கு உட்காரலாம். நம்பிக்கை அறிக்கைக்கும் மன்றாட்டுகளுக்கும் நிற்க வேண்டும். 'தூயவர், தூயவர்' பாடல் முடிந்ததும் முழந்தாளிடுவார்கள். அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகும் நேரம் என்று கத்தோலிக்கர்கள் விசுவசிக்கும் நேரம் அது. குருவானவர் அப்பத்தையும் இரசக் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது சிறுமணி அடிக்கும். முழந்தாளிட முடியாதவர்களும் மற்ற மதத்தவரும் தலை குனிந்து உட்கார்ந்திருக்கலாம். நிமிர்ந்து நின்றுகொண்டு வேடிக்கை பார்ப்பது மட்டும் வேண்டாம்.

நடமாட்டம் அறவே கூடாத நேரங்கள் இரண்டு. நற்செய்தி வாசகம் ஒன்று, 'தூயவர்' முடிந்ததிலிருந்து எழுந்தேற்றம் முடியும்வரை இன்னொன்று. தாமதமாக வந்தீர்களானால் வாசலிலேயே நின்று, அடுத்த பாடல் தொடங்கியதும் பக்க வழியாக வாருங்கள். நடுவழியில் நடந்து முன்னால் போகாதீர்கள்.

7. குழந்தை அழும்போது

குழந்தை அழும். அது தவறில்லை. நாம் எவ்வளவு சீக்கிரம் எழுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சிணுங்கல் அரை நிமிடத்தைத் தாண்டினால் தூக்கிக்கொண்டு பக்க வாசல் வழியாக வெளியே போங்கள். 'ஷ்ஷ்' என்று அதட்டுவது அழுகையைவிடச் சத்தமாகக் கேட்கும். வெளியே ஒலிபெருக்கி இருக்கும், பூசையைத் தொடர்ந்து கேட்கலாம். குழந்தை அடங்கியதும் கட்டாயம் திரும்பி வாருங்கள். வெளியே போனதும் மரத்தடியில் விளையாட விட்டுவிட்டால், அழுதால் விளையாட்டு கிடைக்கும் என்று அது ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ளும். இடுப்பிலோ தோளிலோ வைத்தபடியே நில்லுங்கள்.

பால் கொடுக்க வேண்டுமா? பின்வரிசை ஓரத்தில் முந்தானை போர்த்திக் கொடுங்கள். அதில் எந்த மரியாதைக் குறைவும் கிடையாது.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சில வருடம் முன்பு, அழும் குழந்தையோடு இருந்த ஓர் இளம் அம்மாவைப் பக்கத்திலிருந்த பெரியவர் திரும்பி முறைத்து, 'வீட்லயே இருந்துருக்கலாம்ல' என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் மூன்று மாதம் பூசைக்கு வரவில்லை. வாசலில் இருந்த நான் அன்று ஒன்றும் பேசாமல் நின்றது இன்றுவரை உறுத்துகிறது. இப்போதெல்லாம் அப்படிக் குழந்தையைக் கண்டால் நானே போய், 'குடும்மா, நான் கொஞ்சம் வச்சிருக்கேன்' என்று கேட்டு வாங்கிக்கொள்கிறேன். நீங்களும் கேளுங்கள். பத்தில் எட்டுப் பேர் நிம்மதியாகக் கொடுப்பார்கள்.

8. காணிக்கையும் சமாதானமும்

காணிக்கைப் பணத்தை வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்துக் குழந்தையின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். காணிக்கைப் பை வரும்போது கைப்பையைத் திறந்து சில்லறை தேடினால் வரிசை முழுக்க நிற்கும். விருந்தினர் கொடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பையை அடுத்தவரிடம் நகர்த்திவிட்டால் போதும்.

சமாதானம் பகிரும்போது பக்கத்தில் இருப்பவர்களை நோக்கிக் கைகூப்பி வணக்கம் சொல்லுங்கள். எழுந்து போய் எல்லோருக்கும் சொல்ல வேண்டாம்.

9. நற்கருணை

அதிகச் சங்கடம் நடப்பது இங்கேதான். கவனமாகப் படியுங்கள்.

நற்கருணை பிரசாதம் அல்ல. நம் ஊரில் கோயில் என்றால் வரிசையில் நின்று கையில் வாங்குவது எல்லோருக்கும் வழக்கம். அதனால் இந்து நண்பர்கள் நல்ல மனதோடு வரிசையில் சேர்ந்துவிடுகிறார்கள். வாங்கி, 'வீட்ல அம்மாவுக்குக் குடுக்கலாம்' என்று கைக்குட்டையில் மடித்தவரையும் பார்த்திருக்கிறேன். கத்தோலிக்கர்களுக்கு அது கிறிஸ்துவின் உடலே. ஞானஸ்நானம் பெற்று, புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கி, அதற்குத் தகுந்த நிலையில் இருக்கும் கத்தோலிக்கர் மட்டுமே வாங்கலாம். புதுநன்மை வாங்காத கத்தோலிக்கக் குழந்தைக்கும் கிடையாது.

ஆகவே விருந்தினரை அழைத்து வருகிற கத்தோலிக்கக் குடும்பத்துக்குத்தான் முதல் பொறுப்பு. பூசை தொடங்கும் முன்பே, 'நற்கருணை குடுக்கறப்போ நாங்க மட்டும் போய்ட்டு வருவோம், நீங்க உட்கார்ந்திருங்க' என்று சொல்லிவிடுங்கள். வரிசை நகரும்போது காதில் சொன்னால் அது அவமானமாகப்படும். முன்பே சொன்னால் அது தகவல்.

வாங்குகிறவர்கள் நாவிலோ கையிலோ வாங்கலாம். கையில் வாங்கினால் இடதுகையை வலதுகை மேல் ஏந்தி, 'கிறிஸ்துவின் உடல்' என்றதும் 'ஆமென்' சொல்லி, அங்கேயே ஓரடி விலகி நின்று, வலதுகையால் எடுத்து உட்கொள்ள வேண்டும். நடந்துகொண்டே வாயில் போடாதீர்கள். குழந்தை தோளில் இருந்தால் இரண்டு கையும் ஏந்த முடியாது. நாவில் வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தையின் கை திருவப்பத்தைத் தட்டிவிடும் ஆபத்து உண்டு, அதனால் அதன் கையைப் பிடித்தபடி நில்லுங்கள்.

தவறிக் கீழே விழுந்தால் பதறி மிதித்துவிடாமல் அங்கேயே நில்லுங்கள். குருவானவரே எடுத்துக்கொள்வார். தெரியாமல் வாங்கிவிட்ட விருந்தினர் அமைதியாக அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

எங்கள் பங்கில் சின்னக் குழந்தைகளையும் வரிசையில் கூட்டிவருவார்கள். சாமியார் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிப்பார். எல்லாக் கோயிலிலும் இந்த வழக்கம் இருக்காது, உங்கள் பங்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இருக்கைக்குத் திரும்பிய பிறகு சிறிது நேரம் அமைதி. பையைக் கட்டத் தொடங்க வேண்டாம்.

10. முடிந்த பிறகு

இறுதி ஆசீரும் கடைசிப் பாடலும் முடிந்து குருவானவர் பீடத்தைவிட்டு இறங்கியபின் கிளம்புங்கள். அறிவிப்பு வாசிக்கும்போதே வண்டி எடுக்க ஓடுகிறவர்களைப் பார்த்துத்தான் பிள்ளைகள் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்கிறார்கள்.

மாதா சொரூபத்துக்கு மாலை போடுவது, மெழுகுவத்தி ஏற்றுவது, புனிதர் காலைத் தொட்டு முத்தி செய்வது (முத்தமிடுவது) எல்லாம் பூசைக்கு முன்போ பின்போதான். நடுவில் செய்தால் மக்கள் கண் பீடத்திலிருந்து விலகிவிடும். படம் எடுப்பதும் இப்போதுதான். பீடப் படியில் மட்டும் ஏறாதீர்கள்.

சாமியாரைப் பார்த்தால் பிள்ளைகள் 'தோத்திரம் சாமி' என்று கைகூப்பட்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் 'வணக்கம் ஃபாதர்' என்கிறார்கள், அதுவும் சரிதான்.

11. கல்யாணம், பெரிய வெள்ளி, பாஸ்கா இரவு

கல்யாணப் பூசையில் மணமக்கள் சம்மதம் சொல்லும்போதும் தாலி கட்டும்போதும் உறவினர் செல்போனோடு முன்னால் குவிகிறார்கள். பெற்றவர்களுக்கே மறைத்துவிடுகிறது. இருந்த இடத்திலிருந்தே பாருங்கள். வீடியோக்காரரிடம் எங்கே நிற்கலாம் என்று முதல் நாளே பங்குத்தந்தையிடம் கேட்டுச் சொல்வது பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் இருவரின் கடமை. அரிசி, பூ தூவும் வழக்கம் இருந்தால் கோயிலுக்கு வெளியே.

பெரிய வெள்ளியன்று திருப்பலி கிடையாது. நீண்ட வழிபாடு நடக்கும், பாடுகளின் வாசகம் முழுக்க நின்றபடி கேட்க வேண்டியிருக்கும். வயதானவர்களை உட்காரச் சொல்லுங்கள். சிலுவையை முத்தி செய்ய வரிசையில் போகலாம். விருந்தினரும் இதில் சேரத் தடையில்லை.

பாஸ்கா இரவில் (ஈஸ்டருக்கு முந்தின இரவு) எல்லோர் கையிலும் மெழுகுவத்தி எரியும். பட்டுப்பாவாடை, நைலான் துப்பட்டா, பின்னிய கூந்தல் எல்லாம் நெருங்கி நிற்கும் இடம். ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை கையில் தராதீர்கள், உங்கள் கையோடு சேர்த்துப் பிடிக்க வையுங்கள்.

12. வேளாங்கண்ணி, பூண்டி போகிறவர்களுக்கு

வேளாங்கண்ணியில் தமிழ், மலையாளம், தெலுங்கு, கொங்கணி எனப் பல மொழிகளில் பூசை நடக்கும். எந்த நேரத்துக்கு எந்த மொழி என்று பலகையில் பார்த்துவிட்டு உட்காருங்கள். வேறு மொழிப் பூசையில் போய் உட்கார்ந்து நடுவில் குடும்பமாக எழுந்து வெளியேறுவது அடிக்கடி நடக்கிறது.

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை கூட்டம் அலைமோதும். நடைப்பயணமாக வருகிறவர்கள் குளித்து உடை மாற்றிய பிறகு பூசைக்குப் போனால் பக்கத்தில் இருப்பவருக்கும் நல்லது. மொட்டை, நேர்த்திக்கடன் எல்லாவற்றையும் பூசைக்கு முன் முடித்துவிடுங்கள். குழந்தையின் சட்டைப் பையில் உங்கள் செல்போன் எண்ணை எழுதி வையுங்கள். பூண்டி மாதா கோயிலிலும் திருவிழா நாளில் இதே முறைதான்.

13. சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில்

சி.எஸ்.ஐ., லுத்தரன் ஆலயங்களில் ஐயர் (சபையின் போதகரை அப்படித்தான் அழைப்பார்கள்) ஆராதனையை நடத்துவார். தீர்த்தமும் முழங்கால் வணக்கமும் கிடையாது. பாமாலை, கீர்த்தனை எண்கள் பலகையில் எழுதியிருக்கும், அவரவர் புத்தகமும் வேதாகமமும் கொண்டுவருவார்கள். பிரசங்கம் கத்தோலிக்க மறையுரையைவிட நீளமாக இருக்கும். பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி எந்த நேரத்தில் என்று முன்பே கேட்டு அங்கே அனுப்பிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. திருவிருந்து (அங்கே நற்கருணைக்குப் பெயர்) திடப்படுத்தல் என்ற விசுவாச உறுதிச் சடங்கைப் பெற்றவர்களுக்குரியது. விருந்தினர் இருக்கையிலேயே இருங்கள்.

தரங்கம்பாடியில் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தைப் பார்க்கச் சுற்றுலாவாகப் போகிற குடும்பங்கள் ஞாயிறு காலையைத் தவிர்த்துவிடுங்கள், அல்லது ஆராதனை முழுவதும் உட்கார்ந்து கலந்துகொள்ளுங்கள். ஜெபிக்கிறவர்களுக்கு நடுவே படம் எடுத்துச் சுற்றுவது நன்றாக இருக்காது.

பெந்தெகொஸ்தே சபையில் பெரும்பாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில்தான் உட்கார வேண்டும். பெண்கள் முக்காடு போடுவார்கள். கைதட்டி, சத்தமாகப் பாடி, எல்லோரும் ஒரே நேரத்தில் குரலெழுப்பி ஜெபிப்பார்கள். ஆராதனை இரண்டு மூன்று மணி நேரம்கூட நீளும். கைக்குழந்தையோடு ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள். 'முதல் தடவை வந்தவங்க எழுந்து நில்லுங்க' என்று பாஸ்டர் சொல்வது வழக்கம். பிள்ளைகளிடம் வீட்டிலேயே சொல்லிவைத்தால், கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்போது மிரண்டு அழாமல் உங்களோடு எழுந்து நிற்கும்.